ஆர்ஜினின் பவுடர்: வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே டப்பா போதுமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது சுருக்கமாக இது. மாமாவுக்கு 64 வயது. எட்டு மாதம் முன்பு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சுகரும் உண்டு. நாத்தனாருக்கு 30 வாரம். குழந்தையின் எடை குறைவு என்று ஸ்கேனில் தெரிந்ததால் எல்-ஆர்ஜினின் (புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) 3 கிராம் பாக்கெட் தினம் இரண்டு வேளை குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொழுந்தன் ஜிம்முக்குப் போகிறவன், அவனிடமும் ஆர்ஜினின் என்று எழுதிய ஒரு டப்பா இருக்கிறது. “ரத்தக்குழாயை விரிக்கும் மைனி, அப்பாவுக்கும் நல்லது” என்று சொல்லி ஒரு வாரமாக அதிலிருந்து மாமாவுக்கும் ஒரு ஸ்கூப் கலக்கிக் கொடுக்கிறான். பாக்கெட் விலை கூடுதல். டப்பாவையே நாத்தனாருக்கும் கொடுக்கலாமா?

முதலில் அவசரமானது. மாமாவுக்குக் கொடுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். இதைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டியதில்லை, சட்டென்று நிறுத்தினாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. நாத்தனாருக்கு ஜிம் டப்பா கூடாது, பாக்கெட்தான். கொழுந்தனுக்குப் பெரிய ஆபத்து இல்லை, பெரிய லாபமும் இல்லை.

மாமாவின் விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. கொழுந்தன் சொல்கிற அதே வாதத்தை நம்பி, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். முடிவு 2006 இல் வெளியானது. முதல் ஹார்ட் அட்டாக் வந்து சில நாள் முதல் மூன்று வாரத்துக்குள் இருந்த 153 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்ஜினின் 3 கிராம் வீதம் தினம் மூன்று வேளை, மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, ஆறு மாதத்துக்கு என்று திட்டம். ரத்தக்குழாயின் விறைப்பு குறையவில்லை, இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறனும் கூடவில்லை. ஆனால் ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. புதிதாக ஆள் சேர்ப்பதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 153 பேர் என்பது சின்னச் சோதனை, ஆறு சாவு தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். மாமாவுக்கு அட்டாக் வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, அவர்களுக்கோ மூன்று வாரம்தான் என்றும் சொல்லலாம். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நன்மை எதுவும் தெரியாத ஒரு பொருளுக்காக இந்தச் சந்தேகத்தை ஏன் சுமக்க வேண்டும்? கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 133 பேரிடம் தினம் 3 கிராம் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையிலும் (2007) இதே கதைதான்: வலியில்லாமல் நடக்கும் தூரத்தில், போலி மாத்திரை எடுத்தவர்களே அதிகம் முன்னேறினார்கள்.

அடுத்தது அவர் சாப்பிடும் மாத்திரைகள். சீட்டை எடுத்துப் பாருங்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இருந்தால், அதுவும் ஆர்ஜினினும் ஒரே வழியில்தான் குழாயை விரிக்கும். சேர்ந்தால் பிரஷர் இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். ராமிப்ரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஏதாவது இருந்தால் கவலை வேறு: பொட்டாசியம். ஆர்ஜினின் நேர்மின்னேற்றம் கொண்டது. அது செல்லுக்குள் நுழையும்போது உள்ளே இருக்கும் பொட்டாசியம் ரத்தத்துக்கு வெளியேறும். நல்ல கிட்னி அதைச் சிறுநீரில் தள்ளிவிடும். சுகரால் பழுதுபட்ட கிட்னி, அதன் மேல் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மாத்திரை, அதன் மேல் “உடம்புக்குக் குளிர்ச்சி” என்று தினம் ஓர் இளநீர், ராத்திரி இரண்டு மட்டிப்பழம் என்று சேர்ந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். நரம்பு வழியாக ஆர்ஜினின் ஹைட்ரோகுளோரைடு ஏற்றிய கிட்னி நோயாளிகளுக்குப் பொட்டாசியம் உயிருக்கு ஆபத்தாகும் அளவு கூடியது 1970களிலேயே பதிவாகியிருக்கிறது. வாயால் ஒரு ஸ்கூப் குடிப்பது அந்த அளவுக்குப் போகாது, உண்மைதான். என்றாலும் ஒரு வாரம் குடித்திருக்கிறார். ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை சாதாரணம். 5.5 தாண்டினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 6 தாண்டினாலோ, கால் தளர்ந்து நாடி மெதுவாக அடித்தாலோ, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ அருகில் ஈசிஜி உள்ள ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

இன்னொன்று, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். “ஏதோ சத்து பவுடர்” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் புரியாது.

கொழுந்தன் சொல்வதில் பாதி சரி என்பதால், மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்று பார்க்கலாம். ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரு நொதி ஆர்ஜினினை எடுத்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக்கும், அந்த வாயு குழாயின் தசையைத் தளர்த்தும். இந்த வாயுவே உடம்புக்குள் செய்தி சொல்லும் பொருள் என்று கண்டுபிடித்ததற்குத்தான் 1998 இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அந்த வாயுவுக்கு. ஆர்ஜினின் டப்பாவுக்கு அல்ல. விளம்பரத்தில் இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறார்கள். கயிறு திரிக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டு ஒன்று, திரிக்கிற ஆள் ஒருவர். முற்றத்தில் தும்பு (தேங்காய் நார்) ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. இன்னும் இரண்டு லோடு தும்பு இறக்கினால் கயிறு கூடுமா? நம் ரத்தத்தில் சாதாரணமாக இருக்கும் ஆர்ஜினினே அந்த நொதியின் தேவையைப் போலப் பல மடங்கு. நோயுள்ள குழாயில் குறைவாக இருப்பது தும்பு அல்ல, பழுதானது ராட்டு. அந்தப் பழுதான நொதி சில நேரம் நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகக் குழாய்க்குக் கேடான ஆக்சிஜன் துணுக்குகளை உண்டாக்கும். அட்டாக் வந்தவர்களுக்கு ஏன் உதவவில்லை என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இது ஒன்று.

குடித்ததெல்லாம் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதும் இல்லை. குடலிலும் ஈரலிலும் ஆர்ஜினேஸ் என்ற வேறொரு நொதி காத்திருந்து, பெரும்பகுதியை யூரியாவாக உடைத்துவிடும். மிஞ்சியதும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

அப்படியென்றால் ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும், கொஞ்சம். 11 சோதனைகளைச் சேர்த்து 2011 இல் பார்த்த ஒரு கணக்கில், தினம் 4 முதல் 24 கிராம் வரை எடுத்தவர்களுக்கு மேல் பிரஷர் சராசரியாக 5 புள்ளியும் கீழ் பிரஷர் 2 முதல் 3 புள்ளியும் இறங்கின. உப்பைக் குறைத்தாலே இந்த அளவு இறங்கும்; மீன்கறியோடு தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் கருவாட்டையும் பாதியாக்கினால் செலவும் மிச்சம். ஆண்மைக் குறைவுக்குத் தினம் 1.5 முதல் 5 கிராம் வரை எடுத்துச் சிலருக்கு லேசான பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் சில்டெனாஃபில் (வயாகரா) எடுப்பவர் கூடவே இதையும் எடுத்தால் பிரஷர் அதிகமாக இறங்கலாம். ஐம்பது வயதில் இந்தக் குறை புதிதாக வந்தால் அது இதய அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம், அப்போது போக வேண்டிய இடம் மெடிக்கல் ஸ்டோர் அல்ல. ஆர்ஜினின் உண்மையிலேயே மருந்தாக நிற்கும் இடங்கள் வேறு: பிறவியிலேயே யூரியா சுழற்சி (புரதக் கழிவை உடம்பு வெளியேற்றும் வழி) பழுதான குழந்தைகளுக்கு உயிர்காக்கும் மருந்து, வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் நரம்பு வழியாக 30 கிராம் வரை. அவையெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் நடப்பவை.

இனி நாத்தனார். கர்ப்பகாலத்தில் இதை எழுதிக் கொடுப்பது நம் ஊரில் சகஜம், ஆதாரம் கலவையானது. மெக்சிகோவில் பிரஷர் வரும் அபாயம் அதிகமுள்ள 672 கர்ப்பிணிகளிடம் செய்த சோதனை 2011 இல் வெளியானது. வெறும் தின்பண்டக் கட்டி சாப்பிட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு கர்ப்பகாலப் பிரஷர் நோய் வந்தது. அதே கட்டியில் 6.6 கிராம் ஆர்ஜினினும் சில வைட்டமின்களும் தினம் சேர்த்தவர்களில் 13 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 24 வாரத்துக்கு முன் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம். குழந்தையின் எடைக்கு என்று வரும்போது செய்தி அவ்வளவு நன்றாக இல்லை: பிரான்சில் 2009 இல், குழந்தை மிகவும் சிறுத்துப்போன 44 பெண்களுக்குத் தினம் 14 கிராம் கொடுத்தும் எடை கூடவில்லை. ஆகவே டாக்டர் எழுதியதைக் குடிக்கட்டும், தப்பில்லை. ஆனால் பாக்கெட் குடிக்கிறோமே என்று அடுத்த டாப்ளர் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, எப்போது பிரசவம் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த ஸ்கேன்தான்.

கலக்கும் முறை: ஒரு பாக்கெட்டை முழுசாக ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி, சாதாரண நீரில் கலக்கி அப்போதே குடிக்க வேண்டும். காலையில் கலக்கி வைத்துவிட்டு மதியம் வரை மொண்டு குடிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் குமட்டல் வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகக் குடிக்க வேண்டாம். மொத்தமாக 9 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் போனால் வயிற்றுப்போக்கு வருவது ஆர்ஜினினின் இயல்பு. உறிஞ்சப்படாத ஆர்ஜினின் குடலுக்குள் நீரை இழுப்பதும், குடலிலும் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு நீரைச் சுரக்க வைப்பதும்தான் காரணம். கர்ப்பகாலச் சுகர் இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சர்க்கரை சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை இல்லாத வகை கேட்டால் கிடைக்கும்.

பாக்கெட் எதுவானாலும் இவை வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்: விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பிரஷர் 140/90 தொடுவது. குழந்தையின் அசைவை இடப்பக்கம் சாய்ந்து படுத்து எண்ணலாம். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வரவில்லை என்றால் “தூங்குது போல” என்று விட்டுவிடக் கூடாது.

ஜிம் டப்பாவை அவளுக்கு ஏன் கூடாது என்கிறேன்? மேலே ஆர்ஜினின் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், உடற்பயிற்சிக்கு முன் குடிப்பது என்று விற்கும் டப்பாக்கள் பல, கலவைகள். ஒரு ஸ்கூப்பில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருப்பது சாதாரணம். கர்ப்பிணிக்கு டீ, காப்பி எல்லாம் சேர்த்தே நாளைக்கு 200 மில்லிகிராம் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரே ஸ்கூப்பில் அது முடிந்துவிடும். அட்டாக் வந்த மாமாவுக்கும் அந்தக் காஃபின் உள்ளே போயிருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் முகமும் காதும் ஊசி குத்துவது போல் கூசினால் அதில் பீட்டா-அலனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் இருக்கிறது என்று பொருள். அது ஆபத்தில்லை, ஆனால் தெரியாதவர் பயந்துபோவார்.

அளவிலும் ஏமாற்றம் உண்டு. எல்-ஆர்ஜினின் என்று மட்டும் இருந்தால் முழுவதும் ஆர்ஜினின். ஹைட்ரோகுளோரைடு என்றால் 3 கிராமில் ஆர்ஜினின் ஏறக்குறைய 2.5 கிராம்தான். ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் 2:1 என்று இருந்தால் 3 கிராமில் 2.1 கிராம் வரும். “தனியுரிமைக் கலவை 8 கிராம்” என்று மொத்தமாகப் போட்டு எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை வாங்கவே வேண்டாம். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை, கொழுந்தனுக்கு அதைக் காட்டுங்கள். தூய்மை ஏன் முக்கியம் என்பதற்கு அமினோ அமிலங்களின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1989 இல் அமெரிக்காவில் தூக்கத்துக்காக டிரிப்டோஃபான் சாப்பிட்ட 1,500 பேருக்கு மேல் கடும் தசைவலியோடு நோயில் விழுந்தார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். தயாரிப்பில் கலந்த அசுத்தமே காரணம் என்று விசாரணை கைகாட்டியது.

கொழுந்தனுக்கு 22 வயது, வேறு நோய் இல்லை என்றால் 3 முதல் 6 கிராம் வரை, பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்டு போகட்டும். தசை புடைத்தது போல் ஒரு தோற்றம் வரலாம். வளர்ச்சி ஹார்மோன் கூடும் என்பது வீண் பேச்சு. பயிற்சி செய்தாலே அது கூடும், முன்னால் ஆர்ஜினின் குடித்தால் அந்தக் கூடுதல் மட்டுப்படுவதுதான் சோதனைகளில் தெரிந்தது. குழாய் விரிவதுதான் நோக்கம் என்றால் ஆர்ஜினினைவிட சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மேல். ஈரல் அதைப் பிடித்து உடைப்பதில்லை, கிட்னிக்குப் போய் ஆர்ஜினினாக மாறி ரத்தத்தில் சேரும், வயிற்றையும் கலக்காது. (தர்பூசணியில் சிட்ருலின் இருப்பது உண்மை. ஆனால் ஒரு வேளை அளவுக்குக் கிலோக்கணக்கில் தின்ன வேண்டும்.) அவனுக்கு உதட்டில் அடிக்கடி கொப்புளப் புண் வருமானால் நிறுத்திப் பார்க்கட்டும். அந்த ஹெர்பிஸ் வைரஸ் பெருக ஆர்ஜினின் வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. மனிதரில் ஆதாரம் மெலிது, என்றாலும் நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆஸ்துமா உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. ஆபரேஷன் ஏதாவது வருகிறதென்றால் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் நாம் தினம் சாப்பாட்டிலேயே 4 முதல் 6 கிராம் ஆர்ஜினின் சாப்பிடுகிறோம். நூறு கிராம் கப்பலண்டியில் (வேர்க்கடலை) சுமார் 3 கிராம், அண்டிப்பருப்பில் (முந்திரி) 2 கிராம், காய்ந்த சிறுபயறில் ஒன்றரை கிராமுக்குக் கூட, மீனில் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். காலையில் புட்டும் பயறும், மதியம் சாளைக்கறி என்று சாப்பிடுகிறவருக்கு ஆர்ஜினின் பற்றாக்குறை வராது. மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) மட்டும் பெரிதாக எதுவும் கிடையாது, நூறு கிராமில் புரதமே ஒன்றரை கிராம்தான். மீனோடு சேர்த்துச் சாப்பிடுவதால்தான் அது சாப்பாடாகிறது. நாத்தனாருக்குக் குமட்டலில் மீன் இறங்கவில்லை என்றால் ஒரு முட்டை, ஒரு பிடி அவித்த கப்பலண்டி, பயறு என்று ஈடுகட்டுங்கள். பாக்கெட் அந்தச் சாப்பாட்டுக்கு மாற்று அல்ல.

கொழுந்தன் அந்த டப்பாவைத் தொடர்ந்து பயன்படுத்துவான் என்றால், இரண்டு மழைக்காலமும் பெய்கிற நம் மாவட்டத்தில் ஈரம் பெரிய தொல்லை. மூடி சரியாக இறுகாவிட்டால் பவுடர் கட்டிதட்டும், பிறகு ஸ்கூப் கணக்கு தப்பும். கட்டியை உடைத்து அமுக்கி எடுத்தால் அளவு கூடும், தளர்வாக எடுத்தால் குறையும். ஈரக் கரண்டி போடாமல், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பையை எறியாமல், 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்து எடுப்பதே சரி. நிறம் மாறி, புளித்தோ அழுகியோ வாடை வந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள். தனி ஆர்ஜினினுக்கு லேசான மீன்வாடை இயல்பு, அதை மட்டும் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். மாமா கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.